‘காணவில்லை’ என்று எழுதிய பக்கம்

“சேர்வர் விழுந்திட்டுது” என்று யாராவது போனில் சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எங்கே விழுந்தது, எதிலிருந்து விழுந்தது? இந்த ஊர்க்காரர்களின் இணையத்தளங்களுக்காக நான் வாடகைக்கு எடுத்துப் பராமரிக்கும் சேர்வர் சிங்கப்பூரில் ஏதோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில், இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டு, சிவனே என்று இருக்கிறது. அது விழாது. நாங்கள் அதற்கு எழுதிக் கொடுத்த கட்டளைகளில் எங்கேயோ ஓர் எழுத்துப் பிழைத்திருக்கும், அவ்வளவுதான். இதை நிலாவெளி விடுதிக்காரருக்கும் துறைமுக வீதிக் கடைக்காரருக்கும் விளங்கப்படுத்தி என் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். மாடியில் இருக்கும் என் அறைக்கு வருகிறவர்கள், சேர்வர் எங்கே என்று இன்னமும் மேசைக்குக் கீழே குனிந்து பார்க்கிறார்கள். அங்கே இருப்பது என் செருப்பும் பழுதான ஒரு மின்விசிறியும்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, சொன்னால் பொய்யாகிவிடும். என் கெட்டித்தனம் முழுவதும் ஒரே பழக்கத்தில் இருக்கிறது. நான் ஊகிப்பதில்லை. லொக்கை, அதாவது சேர்வரின் பதிவேட்டை, திறந்து பார்ப்பேன். யார் வந்தார்கள், எந்த விலாசத்தைக் கேட்டார்கள், தான் என்ன பதில் சொன்னது என்று சேர்வர் தன்பாட்டில் வரி வரியாக எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். பதிலை இலக்கத்தில்தான் எழுதும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 403 என்றால் வீடு இருக்கிறது, கதவு பூட்டு. 500 என்றால் வீட்டுக்குள்ளே ஏதோ ரகளை. 404 என்றால் அந்த விலாசத்தில் வீடே இல்லை. வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த நாலு இலக்கத்துக்குள் அடங்கிவிடும்.

விடுதிக்காரர் ஒருவர் படத்துக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் பேர் வைத்துவிட்டுச் சின்ன எழுத்தில் தேடுவார், படம் வராது. இன்னொருவர் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துபோவார், உலாவி சிவப்பு நிறத்தில் எச்சரிக்கும், யாரோ எதிரி புகுந்துவிட்டான் என்று என்னை எழுப்புவார். வேறொருவர் எதையும் தொடவே இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்வார். முதல்நாள் மாலை அவர் எதைத் தொட்டார் என்பதை லொக் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கும். நான் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் தேத்தண்ணீர் குடித்து முடிப்பேன்.

404 என்ற இலக்கத்துக்கு ஒரு பக்கம் உண்டு. வெள்ளைத்தாள் போன்ற திரையில் ஆங்கிலத்தில் இரண்டே சொல். எங்கள் ஆட்கள் அதைக் கண்டதும் தாங்கள்தான் எதையோ உடைத்துவிட்டதாகப் பயந்துபோவார்கள். ஆகவே நான் தமிழில் ஒரு பக்கம் செய்தேன். வந்தவர் எந்தப் பேரைத் தேடினாரோ அந்தப் பேரையே பெரிய எழுத்தில் எடுத்துப் போட்டு, அதன் கீழே ‘காணவில்லை’ என்று வரும். நான் பார்க்கும் எல்லாத் தளங்களுக்கும் அதே பக்கம்தான்.

கிண்ணியாவில் மொத்த மீன் வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர், தன் தளத்தில் ஒரு மீனின் பேரை அடித்துத் தேடி, அதைப் பார்த்துவிட்டு உடனே போன் எடுத்தார். “தங்கச்சி, ‘பாரைமீன் காணவில்லை’ எண்டு போட்டிருக்கு. களவு போயிட்டுதோ?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் இளம் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மனைவி அரசாங்க அலுவலகம் ஒன்றில் தமிழ்த் தட்டச்சு வேலை. கணவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். இந்த முறை அவர் நடுக்கடலில் இருக்கும்போது அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. உதவிக்கு அவளுடைய தமக்கை திரியாயிலிருந்து வந்து நின்றாள். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியும்வரை தீட்டு, துடக்கு வீடு என்று அயலவர்கள் வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போவார்கள். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. நேரே உள்ளே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிள்ளையையும் தூக்கி, அவர்கள் வீட்டுத் தேத்தண்ணீரையும் குடிப்பேன். தமக்கைக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அந்தக் கப்பலில் வாட்ஸ்அப் கிடையாது. செய்மதி இணைப்பில் ஆளுக்குக் கொஞ்சம் டேட்டா அளந்து கொடுப்பார்கள். மெயில் போகும், ஆனால் இணைத்து அனுப்பும் படத்தை வழியிலேயே உருவி எறிந்துவிடும். தமிழில் எழுதினால் அந்தப் பக்கம் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் போய்ச் சேரும். ஆகவே இருவரும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் கதைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்த செய்தி அப்படித்தான் போனது. நட்சத்திரமும் அதற்குரிய பேரெழுத்தும் அப்படித்தான் போயின. அவர் யோசித்து அனுப்பிய பேரும் அப்படித்தான் வந்தது. முப்பத்தோராம் நாள் பிள்ளையின் காதில் சொல்லும்வரை அந்தப் பேரை வேறு யாருக்கும் சொல்வதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கூடவே இருந்த தமக்கைக்குக்கூடத் தெரியாது. பேர் வைத்த தகப்பன் பிள்ளையின் முகத்தை ஒரு படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அதை அவள் சொன்னபோது நான் அலட்சியமாகச் சிரித்தேன். “இதுக்குப் போய்க் கவலைப்படுறீங்களோ? ஒரு பக்கம் போட்டுத் தாறன். படத்தைச் சுருக்கிப் போட்டால் கப்பலுக்குள்ளயும் திறக்கும்.”

“கண்ட கண்ட ஆக்கள் பார்க்கக்கூடாது, அக்கா.”

“பாஸ்வேர்ட் ஒண்டு போடுவம்.”

“அவரோ? தன்ட பாங்க் பாஸ்வேர்டையே மறந்துபோட்டு என்னைக் கேக்கிற மனிசன்.” பிள்ளை கிடந்த ஏணையை ஒருமுறை ஆட்டிவிட்டாள். “பிள்ளைட பேரை மறக்கமாட்டார். அந்தப் பேரையே தமிழில விலாசமா வைக்க ஏலாதோ? வேற ஒருதருக்கும் தெரியாதுதானே.”

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடத்தில் தமிழ் எழுத்தில் விலாசம் கேட்ட முதல் ஆள் அவள்தான். என் தளத்துக்குள் ஓர் இடம் ஒதுக்கி, படங்களைச் சுருக்கிப் போட்டு, பேரை அடிக்க வேண்டிய கட்டத்தில் அவளுடைய லப்டொப்பை அவளிடமே கொடுத்துவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் அவளுடைய அண்ணனின் படம் தொங்குகிறது. மாலை போடாத படம். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒருநாள் காலை வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பேரை அடித்து முடித்து அவளே திறந்து பார்த்தாள். பக்கம் வந்தது, படங்கள் வந்தன. என் தளத்தின் விலாசத்துக்குப் பின்னால் பிள்ளையின் பேரைத் தமிழில் அடித்துப் பார்க்கச் சொல்லி அவருக்கு மெயில் போட்டாள். நான் பெரிய வேலை முடித்த களிப்போடு மாடிக்கு ஏறிப் போனேன்.

முப்பத்தொன்றுக்கு முதல்நாள் காலை, நான் வாசலில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மானொன்றை விரட்டிவிட்டு மேலே வந்து வேலையில் இருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. தமக்கை. அதுவரை ஒருநாளும் மேலே ஏறி வராதவள்.

“உங்கட சேர்வர் என்னத்தைச் சொல்லியிருக்குது எண்டு வந்து பாருங்கோ” என்றாள். அந்தக் குரலுக்கு எனக்கும் ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டு கீழே போனேன்.

ஏணையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை கட்டில் ஓரத்தில் லப்டொப்பை மடியில் வைத்தபடி இருந்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள். கணவருடைய மெயில். ஆங்கில எழுத்தில் இருந்ததை வாய்க்குள் கூட்டி வாசித்தேன். ‘பேரை அடிச்சன். பேரைப் போட்டு, கீழ காணவில்லை எண்டு வருது. திரும்பத் திரும்பப் பாத்திட்டன். பிள்ளைக்கு ஒண்டும் இல்லைத்தானே? மறைக்காமச் சொல்லு.’

“ஐயோ, இது சும்மா 404 தங்கச்சி. விலாசம் பிழைச்சால் வாற பக்கம். பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு உடனே எழுதி விடுங்கோ” என்று தொடங்கினேன்.

“எழுதிட்டன்” என்றாள். “அக்கா, அந்தச் சொல்லை ஆர் போட்டது?”

“நான்தான்.”

அவள் அண்ணனின் படத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். “அம்மா பேப்பரில விளம்பரம் குடுத்தவா” என்றாள் அவள். “இந்த ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டினவா. மேல அண்ணாட பேர், கீழ இந்தச் சொல். எங்கட வீட்டில ஒரு பேருக்குக் கீழ அது ஒருக்கா வந்தது காணும், அக்கா, இன்னொருக்கா வேண்டாம்.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் பெருமையோடு எழுதிய சொல், இந்த ஊரில் எத்தனை வீட்டில் எப்படிக் கேட்கும் என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் எல்லாத் தளத்திலும் போட்டு வைத்திருக்கிறேன். பாரைமீனுக்குச் சிரித்தாயே, இப்போது சிரி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தமக்கை ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்தப் பேர் வேண்டாம். என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பேரெழுத்தில வேற பேர் இல்லையோ? நாளைக்கு வேற ஒண்டைச் சொல்லுவம்.”

தங்கை சரியென்று தலையை ஆட்டினாள். நடுக்கடலில் இருக்கிற மனிதன் யோசித்து யோசித்து அனுப்பிய பேர். தகப்பனாக இதுவரை அவர் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். என் பக்கத்தால் அது பறிபோகப் போகிறது. துக்கத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரம் வந்தால் என் மூளை நன்றாக வேலை செய்யும்.

“நாளைக்குக் காலமை அந்தப் பேர் சொல்ல முந்தி அவர் பிள்ளையைப் பார்ப்பார்” என்றேன். “அதுவரைக்கும் பேரை மாத்துற கதையை எடுக்க வேண்டாம்.”

தமக்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவளுக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று நினைத்திருப்பாள். அந்தக் கொம்புதான் பிறகு பிரச்சினையாக வந்து நின்றது, அது அப்போது எனக்கும் தெரியாது.

என் லப்டொப்பையும் கீழே கொண்டுவந்து தங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அவள் மறுபடி தன் லப்டொப்பில் பேரை அடித்தாள். பக்கம் ஒழுங்காகத் திறந்தது. “எனக்குத் திறக்குதே” என்றாள். என் தொழிலில் இதைவிட ஆளை ஏமாற்றுகிற வசனம் வேறில்லை. இவளுக்குத் திறக்கிறது, அவருக்கு இல்லை. பூட்டுப் பிரச்சினை என்றால் 403 வந்திருக்கும். சேர்வருக்குள் கோளாறு என்றால் இருவருக்கும் வந்திருக்கும். ஆகவே இருவரும் கேட்டது ஒரே விலாசம் இல்லை.

“பேர் ஆங்கில எழுத்திலதானே வந்தது. தமிழில எழுதேக்க இரண்டு விதமா எழுத ஏலுமோ? ‘ச’வோ ‘ஸ’வோ, ‘ந’வோ ‘ன’வோ, அப்பிடி?”

அவள் விரலால் துடையில் எழுதிப் பார்த்தாள். “இல்லை அக்கா. ஒரு விதமாத்தான் எழுதலாம்.”

ஊகித்தது போதும் என்று லொக்கைத் திறந்தேன். அவள் பதறிப்போனாள். “அதில பேர் இருக்குமே!”

“இருக்கும். ஆனா வாசிக்க ஏலாது” என்றேன். சேர்வர் தமிழ் எழுத்தைத் தமிழாக எழுதி வைப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் % என்ற வீதக்குறிகளாகவும் இலக்கங்களாகவும் உடைத்துப் போட்டு வைத்திருக்கும். அவளுக்கு அதைக் காட்டினேன். தன் பிள்ளையின் பேர் அப்படிச் சிதறிக் கிடப்பதை அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

அவள் கேட்ட வரியையும் அவர் கேட்ட வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். அவளுடையதற்கு நேரே 200. அவருடையதற்கு நேரே 404. இரண்டு வரியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் இடத்தில் மட்டும் அவளுடையது நீளம், அவருடையது கட்டை. அந்த இடத்தில் இருந்த இலக்கங்களை நான் வேறு வேலைகளில் கண்டு பழகியிருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

“உங்கட பிள்ளைட பேரில ஓகாரம் வருகுதோ?”

“நீங்கள் பார்த்திட்டீங்கள்!”

“பேரைப் பார்க்கேல்ல. கொம்பையும் அரவையும் மட்டும்தான் பார்த்தனான்.”

விளங்கப்படுத்தினேன். ‘கோ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் அரவு என்கிற கால். கொம்பியூட்டருக்குள் அதை இரண்டு விதமாக வைக்கலாம். கொம்பையும் அரவையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பு தனி, அரவு தனி என்று இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். அவள் அலுவலகத்தில் பழகியது பழைய தட்டச்சு இயந்திரத்தின் முறை. முதலில் கொம்பை அடி, பிறகு எழுத்து, கடைசியில் அரவு. வீட்டு லப்டொப்பிலும் அதையே போட்டு வைத்திருக்கிறாள், அது கொம்பையும் அரவையும் பிரித்தே வைக்கிறது. அவருடைய போனில் ஓகாரம் ஒரே குறியாகப் போகிறது. எழுதிய இருவரும் பிழைக்கவில்லை. மனிதக் கண்ணுக்கு ஒரே பேர். சேர்வருக்குக் கண் கிடையாது, அது குறிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டது.

“அப்ப பேரில பிழையில்லையோ?” என்று தமக்கை கேட்டாள்.

“பேரில ஒரு பிழையும் இல்லை.”

திருத்துவது பெரிய வேலையில்லை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து ‘காணவில்லை’ என்ற சொல்லை அழித்தேன். அந்த இடத்தில் எதைப் போடுவது? ‘கிடைக்கவில்லை’ என்று போட்டுப் பார்த்தேன். ‘இங்கே இல்லை’ என்று போட்டுப் பார்த்தேன். ஒரு பேருக்குக் கீழே வரும்போது எல்லாமே பயமுறுத்துவதில் ஒன்றையொன்று மிஞ்சின. கடைசியில் பேரைத் தூக்கிப் போடும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, ‘இந்த விலாசத்தில் எழுத்துப் பிழை இருக்கலாம், ஒருமுறை பாருங்கள்’ என்று மட்டும் எழுதினேன். கிண்ணியா நானாவின் மீனுக்கும் இனி அதுதான்.

பிறகு சேர்வரின் கட்டளைகளில் ஒரு விதி சேர்த்தேன். கொம்பும் அரவும் பிரிந்து வந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டுத் தேடு. பிள்ளையின் பக்கத்தையும் சேர்ந்த எழுத்துக்கு மாற்றி வைத்தேன். எழுதியதைச் சோதித்துப் பார்க்காமல் சேர்வருக்குக் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். சோதித்தேன். எங்கோ ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கொடுத்தேன். அவள் லப்டொப்பில் அடித்துப் பார்த்தாள், திறந்தது. தன் போனில் அடித்துப் பார்த்தாள், அதிலும் திறந்தது. “இப்ப அவருக்கு எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டு நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் வந்தது. ‘பழையபடி காணவில்லை எண்டுதான் வருது. டேட்டா முடியுது. இன்னும் ஒருக்காத்தான் பாக்கலாம்.’

தமக்கை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அவள் போன விதமே, வேறு பேர் தேடப் போகிறாள் என்று சொல்லியது.

பிறகுதான் உறைத்தது. பழையபடி என்கிறார். நான் அந்தச் சொல்லையே அழித்துவிட்டேன். என் சேர்வரில் இப்போது ‘காணவில்லை’ என்ற சொல் எங்கேயும் கிடையாது. அப்படியென்றால் அவருக்கு அது எங்கிருந்து வருகிறது? லொக்கைப் பார்த்தேன். காலையில் அவர் கேட்ட வரிக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. அவர் கேட்கவே இல்லை. அவருடைய போன் காலையில் வாங்கிய பதிலைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறது, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்துக் காட்டுகிறது. பிழைப் பக்கத்தை ஒருநாள் முழுக்க வைத்திருக்கலாம் என்று போன்களுக்கு அனுமதி கொடுத்ததும் நான்தான். சேர்வருக்கு வேலை மிச்சம் என்று எப்போதோ போட்ட ஒரு வரி. அதையும் தூக்கினேன்.

“இப்பிடி எழுதுங்கோ. பேரை அடிச்சு, கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டு, ஒண்டு எண்ட இலக்கத்தை அடிக்கட்டும். போன் அதைப் புது விலாசம் எண்டு நினைக்கும், பழசைக் காட்டாது.”

அவள் எழுதினாள். அனுப்பவில்லை. “ஒருக்காத்தானே, அக்கா. படங்கள் எல்லாம் வருமோ?”

நல்ல கேள்வி. மிச்சமிருக்கிற டேட்டாவில் எல்லாம் வராது. “ஒண்டை மட்டும் வைப்பம். எதை எண்டு நீங்கள் சொல்லுங்கோ.”

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொட்டாவி விடுகிற படம், சிரிக்கிற படம், தமக்கையின் மடியில் கிடக்கிற படம். பிள்ளை கண்ணைத் திறந்து நேரே பார்க்கிற ஒன்றில் நிறுத்தினாள். “இது. இதில அவரைப் பார்க்கிற மாதிரி இருக்கு.” மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு அதை இன்னும் சுருக்கி வைத்தேன். மெயில் போனது.

லொக்கைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. பிள்ளை எழும்பிச் சிணுங்கியது, அவள் எடுத்து மடியில் வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமக்கையும் வந்து கதவோரம் நின்றாள். பின்னேர வெயில் ஜன்னலால் உள்ளே வந்த பிறகுதான் ஒரு வரி விழுந்தது. சேர்ந்த எழுத்து, கேள்விக்குறி, ஒன்று. நேரே 200.

“வந்திட்டார்” என்றேன்.

“பார்த்திட்டாரோ?”

“பக்கம் போயிட்டுது. படம் இன்னும் போய்க்கொண்டிருக்கு. முழுக்கப் போனாப் பிறகுதான் அந்த வரி விழும்.”

அந்தச் சின்னப் படம் கடலைக் கடந்து போக எடுத்த நேரத்தில் நாங்கள் மூவரும் லொக்கையே பார்த்தபடி இருந்தோம். நான் மாதாவை நேர்ந்துகொண்டேன். தமக்கையின் வாயும் ஏதோ முணுமுணுத்தது. பிறகு அடுத்த வரி விழுந்தது. படம், 200. முழுதாகப் போய்விட்டது. நான் கையைத் தட்டிவிட்டேன், பிள்ளை திடுக்கிட்டு என்னைப் பார்த்தது.

அவள் இன்னும் நம்பவில்லை. சேர்வர் சொல்வது எனக்குப் போதும், அவளுக்குக் காணாது. மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வந்தது. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல். அவள் அதை வாய்விட்டு வாசித்தாள்.

“கண்டனான்.”

தமக்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏணைத் துணியை உதறி விரித்துக்கொண்டே, “நாளைக்கு அவர் வைச்ச பேரையே சொல்லுவம்” என்றாள்.

தங்கை தலையை நிமிர்த்தவில்லை. அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“காணவில்லை எண்டதுக்கு இப்பிடி ஒரு பதில் எங்கட வீட்டுக்கு இதுக்கு முந்தி வந்ததில்லை, அக்கா.”